பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பதவி: தாய்மார்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட, அதாவது உறுப்பினர்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, பள்ளி மேலாண்மைக் குழுக்களின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு மறுகட்டமைப்பின்போதும் பல பள்ளிகளில் ஒரே கதைதான் நடக்கிறது. கூட்டத்துக்கு முதல் நாளே பெயர்ப் பட்டியல் தயாராகிவிடும். மறுநாள் வரும் அம்மாக்களிடம் பதிவேட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்பார்கள். தாங்கள் உறுப்பினராகிவிட்டோம் என்பதே சிலருக்குப் பிறகுதான் தெரியவரும். தலைவராகப் போட்டியிட நினைக்கும் ஒரு தாய் இதை மாற்ற முடியும். ஆனால் தேர்தல் நாளன்று காலையில் கிளம்பி வந்தால் போதாது, ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். 24 பேர் கொண்ட குழு என்றால் அதில் 18 பேர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் தலைவர் பதவி பள்ளியில் படிக்கும் குழந்தையின் தாய்க்கு உரியது. தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர், அவ்வளவுதான். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. கழகத் தலைவராக இருக்கும் ஊர்ப் பெரியவரே இதற்கும் ஆள் சொல்வது எந்த விதியிலும் இல்லை.

போட்டியிடும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம், பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பது. தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் தாய் தலைவரானால் அடுத்த ஜூனில் குழந்தை வேறு பள்ளிக்குப் போய்விடும், பதவியும் பாதியில் காலியாகும். இரண்டு ஆண்டுகளும் அதே பள்ளியில் படிக்கப்போகும் குழந்தையின் தாய் நிற்பதே நல்லது.

அடுத்தது ஆதரவு திரட்டுவது. மாலை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோரிடம் வகுப்புவாரியாகப் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். தனியாக நிற்காமல் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு மூன்று பேரை உறுப்பினர் பொறுப்புக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். தலைவர் ஒருவர் மட்டும் விழிப்பாக இருந்து மற்றவர்கள் பெயரளவில் இருந்தால், அந்தக் குழு மூன்றாம் மாதமே படுத்துவிடும். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று பின்வாங்கும் தாயை விட்டுவிடாதீர்கள். முட்டை அழுகியிருந்ததையும் குடிநீர்த் தொட்டி கழுவப்படாததையும் முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

தேர்தல் நாளில் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். தலைவராக விரும்புவோர் அனைவரின் பெயரும் கரும்பலகையில் எழுதப்பட வேண்டும். ஒருவருக்கு மேல் இருந்தால் சீட்டு எழுதியோ கை உயர்த்தியோ எண்ண வேண்டும், யாருக்கு எத்தனை என்பதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றுப் பக்கத்தில் யாரும் கையெழுத்து போடக் கூடாது. முறைகேடு நடந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது.

வென்ற பிறகு சறுக்கும் இடம் தீர்மானம் எழுதுவதில்தான். "கழிப்பறை பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் எந்த அலுவலகமும் அதைத் திரும்பிப் பார்க்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "பெண் குழந்தைகள் கழிப்பறையில் உள்ள 4 அறைகளில் 2 அறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வருவதில்லை. தாழ்ப்பாள் பள்ளி மானியத்திலிருந்து இம்மாத இறுதிக்குள் பொருத்தப்படும், பொறுப்பு தலைமையாசிரியர். குழாயை மாற்றித் தர ஊராட்சி ஒன்றியத்தைக் கேட்டுக்கொள்வது. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இது ஆய்வு செய்யப்படும்." எத்தனை, எங்கே, எந்தப் பணம், யார், எப்போது என்ற ஐந்துக்கும் இதில் பதில் இருக்கிறது. கூட்டம் மாதம் ஒருமுறை நடக்க வேண்டும், தீர்மானம் பெற்றோருக்கான அரசுச் செயலியில் ஏற வேண்டும். பதிவேட்டில் எழுதியதும் செயலியில் ஏறியதும் ஒன்றுதானா என்று தலைவர் தம் கைப்பேசியிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தடுமாற்றம் வருகிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர் எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலரின் பொறுப்பு. ஆசிரியர் பற்றாக்குறை வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மேலே போக வேண்டும். கட்டடக் கோரிக்கையைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தால் அது மேசைக்கு மேசை நகர்ந்து மாதங்கள் ஓடிவிடும். கிராமப் பள்ளி என்றால் அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வைத்து ஏற்கச் செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும்.

ஆசிரியர் கணக்கைத் தலைவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆறு முதல் எட்டு வரை 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். இந்த எண்களைச் சொல்லிக் கேட்டால்தான் "பார்க்கிறோம்" என்ற பதில் மாறும். 2022-இல் காலிப் பணியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் பொறுப்பை அரசு இந்தக் குழுக்களிடம்தான் ஒப்படைத்தது. அலங்காரத்துக்கு வைத்த குழு அல்ல இது.

பணம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 வரை ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1,00,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். நிதி வரும் காலம் தள்ளிப்போகலாம். 2024-25-இல் ஒன்றிய அரசின் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டதும் நடந்தது. ஆனால் வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று கேட்பது குழுவின் சட்டப்படியான கடமை. ரசீதில் 6 மின்விசிறி என்றிருந்தால் வகுப்பறைக்குள் போய் எண்ணுங்கள், இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகு கையெழுத்து போடுங்கள். தொகை எழுதாத காசோலையில் எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் கையெழுத்து போடக் கூடாது. தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட அம்மாதான்.

பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் குழுவின் வேலையே. மூன்று ஆண்டுக்கான திட்டம், அதற்குள் ஆண்டுவாரியாக மூன்று துணைத் திட்டங்கள். சென்ற குழுவின் திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கத்துக்கு முதல் கூட்டத்திலேயே முடிவு கட்டுங்கள்.

கணவர்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி தலைவரான பிறகு கூட்டத்தில் அவர் நாற்காலியில் நீங்கள் உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால், அடுத்த முறை மற்ற தாய்மார்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

பள்ளிக் கல்வித் துறைக்கு எங்கள் கோரிக்கைகள் இவை. மறுகட்டமைப்பு நாளைப் பத்து நாள் முன்னதாக ஒவ்வொரு குழந்தையின் கையிலும் துண்டறிக்கையாகக் கொடுத்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது, பல வீடுகளில் கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. நூறு நாள் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் பெண்கள் கூலியை இழக்காமல் வருவதற்கு மாதக் கூட்டங்களை மாலை 4 மணிக்கு மேல் வைக்க வேண்டும். தேர்தல் முடிந்த அன்றே உறுப்பினர் பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவர் எதிரிலும் குழந்தையின் வகுப்பைக் குறிப்பிட வேண்டும். பெற்றோரே அல்லாதவர் பெயர் பெற்றோர் இடத்தில் நுழைந்திருந்தால் அது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிப் பெற்றோர் சிலர்,
மதுரை மாவட்டம்