மாடல் காருக்கு அவசரப் பெயின்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் 1/24 அளவு (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கார் வாங்கித் தரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பிரித்ததும் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். பாகங்களை வார்க்கும் அச்சில் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு பாகங்களில் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷால் கழுவிக் காயவிடுங்கள். பாடியில் அந்த அச்சு விட்ட மெல்லிய கோட்டை 800 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே நிறம். நிஜக் காருக்கான ஸ்பிரேயை நேராக அடித்தால், அதிலுள்ள தின்னர் (பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) பிளாஸ்டிக்கை அரித்து மேல்பரப்பு பாளம் பாளமாக வெடிக்கும்.

மாடலுக்கான ஸ்பிரேயை சுமார் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிசாக 3 கோட். இடையே 15 நிமிடம். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் பெயின்ட் வழியும், கதவுக் கோடுகள் அடைபடும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் லேக்கர் ஸ்பிரே (தின்னர் சட்டென ஆவியாகிக் காயும் வகை) வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பளபளக்க வேண்டிய கறுப்பு சாம்பல் பூத்துப் போகும்.

காரின் கண்ணாடிப் பாகங்களை ஒட்ட சூப்பர் க்ளூ கூடாது. அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. ஸ்பிரே வேலை மொட்டைமாடியில், மாஸ்க்குடன், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

— மாடல் கார் ஆர்வலர்கள், சென்னை