லாப்ரடார் தேநீர்: இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கனடாவின் 'லாப்ரடார் தேநீர்' என்ற குத்துச்செடி பற்றிய குறிப்பைப் படித்தேன். ஆவாரம்பூக் கஷாயம்போல் இதையும் பறித்துக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்க எங்கெங்கோ போகிறார்கள். என் மகள் இருப்பது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸில். ஒரு கோடை முழுக்க அங்கே தங்கி, கடலோர மேடுகளில் இந்தச் செடிகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

'தடித்த, எப்போதும் பசுமையான இலை' என்று மட்டும் அடையாளம் சொல்லியிருந்தீர்கள். அந்த மேடுகளில் அப்படிப்பட்ட குத்துச்செடிகள் பல உண்டு. லாப்ரடார் செடியை ஒட்டியே, கிளையோடு கிளை கலந்து, கால்மியாவும் வளர்கிறது. அது நஞ்சு. நம் ஊர் ஆடுகள் ஆடுதின்னாப்பாளையை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப்போகும். அங்கே பனி உருகும் நாளில் வேறு பச்சை கிடைக்காத ஆடுகள் கால்மியாவைக் கடித்துச் செத்திருக்கின்றன. அதிலுள்ள கிரயனோடாக்சின் என்ற நச்சுப்பொருள் மனிதருக்கும் வாந்தி, தலைசுற்றல் தரும். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும்.

பூத்திருக்கும்போது குழப்பமில்லை. லாப்ரடார் செடி கிளை நுனியில் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும். ஆட்டைக் கொல்லும் கால்மியாவின் பூ இளஞ்சிவப்பு. கொத்துக்கு மேலே புதுத் தளிர் நீண்டிருக்கும். பூ இல்லாத நாளில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். லாப்ரடார் செடியின் முற்றிய இலையில் ஓரம் அடிப்பக்கமாகச் சுருண்டு, அடிப்புறம் துருநிறக் கம்பளி ரோமம் அடர்ந்திருக்கும். கால்மியாவுக்கு அந்த ரோமம் கிடையாது. சதுப்பில் வளரும் இன்னொரு கால்மியாவுக்கு இலை ஓரமும் சுருண்டிருக்கும், அடிப்புறமோ வெளிறி வழுவழுவென்று இருக்கும். ஆகவே ஓரத்தை மட்டும் பார்த்து நம்பக் கூடாது.

சரியான செடியைப் பறித்தாலும் நம் வழக்கம் அங்கே ஆகாது. நாம் எதையும் நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுகிறவர்கள். தலைமுறைகளாக இதைக் குடித்துவரும் கனடாவின் பூர்வகுடிகளான இன்யூட், க்ரீ மக்களின் தேநீர் அது; மென்மையாக ஊறவைத்து, அளவாகக் குடிக்க வேண்டியது. அதிலும் லெடால் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருள் இருக்கிறது. சுண்டக் காய்ச்சினால் அதுவும் செறிந்து இறங்கும். கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

கால்மியாவை வெறுக்கச் சொல்லவில்லை. அதன் பூவை மாணவர்களுக்குக் காட்ட முடியாமல் போயிற்றே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. விரித்த குடைபோன்ற அந்தச் சின்னப் பூவில் பத்துக் குழிகள். பத்து மகரந்தத்தாள்களும் வில்லாக வளைந்து, நுனிகள் அந்தக் குழிகளுக்குள் செருகியிருக்கும். வண்டு வந்து உட்கார்ந்ததும் அவை விடுபட்டுச் சட்டென நிமிர்ந்து, மகரந்தத்தை அதன் மேல் வீசும். வட அமெரிக்காவில் 1748 முதல் 1751 வரை செடி தேடி அலைந்த பெஹ்ர் கால்ம் (Pehr Kalm) என்பவரின் பெயரைத்தான், தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இதற்கு வைத்தார். லாப்ரடார் செடியும் நமக்கு அந்நியமல்ல. கொடைக்கானலில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசும் அதே ரோடோடெண்ட்ரான் பேரினம்தான்.

செப்டம்பரில் கல்லூரி சேரும் பிள்ளைகள் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கிளம்புவதற்குள், இரண்டு செடிகளின் இலை அடிப்புறமும் தெளிவாகத் தெரியும் வண்ணப்படங்களோடு ஒரு திருத்தம் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.