பிராக்கெட் லைட்டை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் பழைய பேப்பர் போட இரும்புக் கடைக்குப் போனேன். தராசில் நான் மாட்டிய பிராக்கெட் லைட்டுகள், அதாவது சுவரில் பொருத்தும் விளக்குகள், கிடந்தன. என்னுடையவைதான் என்று எப்படித் தெரியும் என்றால், பித்தளைத் தகட்டில் ஸ்க்ரூ ஓட்டைகளை அரத்தால் ராவி நீட்டியிருந்தது. சுவரிலிருந்த மரக்கட்டைக்கும் தகட்டுக்கும் ஓட்டை பொருந்தாமல் அப்படிச் செய்தேன். 1974இல் வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் மாட்டியவை. அப்போது நான் வயர்மேனுக்கு ஹெல்பர்.

உள்ளங்கை அகலத் தகடு, அதில் சாய்வாக வெட்டிய இரண்டு அலுமினியக் கூம்புகள், ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே. பூவேலை, கண்ணாடித் தொங்கல் எதுவும் கிடையாது. கட்டடக்கலை படிக்கும் என் பேரன் இதைப் பார்த்ததும் போனில் ஒரு படம் காட்டினான். கோபன்ஹேகனில் 1960இல் திறந்த எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டல். ஆர்னே யாகோப்சென் என்பவர் கட்டடத்தோடு நாற்காலி, கரண்டி, விளக்கு வரை தானே வரைந்தாராம். அவருடைய சுவர் விளக்கிலும் மூடி ஒரு பக்கம் சாய்வு. பல்பு கண்ணில் படாது, வெளிச்சம் கீழே மட்டும் விழும். அந்த விளக்கை இன்னும் செய்து விற்கிறார்கள். ஹோட்டலை எத்தனையோ முறை மாற்றியும் 606ஆம் அறையை மட்டும் பழையபடியே வைத்திருக்கிறார்களாம். நம் ஊரிலோ கிலோக் கணக்கு.

அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. வேலூர் லாட்ஜில் தங்குகிறவர்கள் யார்? பாதிப்பேர் வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். நோயாளி தூங்கும்போது கூட இருப்பவர் ராத்திரி இரண்டு மணிக்கு மாத்திரைச் சீட்டைப் பார்த்தாக வேண்டும். கீழ்க் கூம்பை மட்டும் போட்டால் கட்டில் ஓரத்தில் ஒரு முறம் அளவுக்கு வெளிச்சம், அவ்வளவுதான். இப்போது அந்த அறைகளில் சீலிங்கில் பேனல் லைட். சுவிட்சைத் தட்டினால் பட்டப்பகல், நோயாளியும் எழுந்துகொள்வார்.

ஷாக் அடித்ததால் விளக்குகளைக் கழற்றினோம் என்றார்கள் லாட்ஜ்காரர்கள். சரி, அடிக்கத்தான் செய்யும். அந்தக் காலத்தில் இரண்டு வயர்தான் இழுத்தோம், எர்த் கொடுக்கவில்லை. அது எங்கள் தப்பு. அதைச் சரிசெய்யப் புது ஹோல்டர், புது வயர், தகட்டுக்குப் பச்சை வயரில் எர்த் போதும். பாயிண்ட் வரை எர்த் வந்துவிட்டால் விளக்குக்கு அரை மணி நேர வேலைதான். அப்போது 40 வாட் குண்டு பல்பில் கூம்பு தொட முடியாதபடி கொதிக்கும். இப்போது 5 வாட் எல்.இ.டி. போதும், அந்தத் தொல்லையும் இல்லை.

நான்கு விளக்குகளை எடை விலைக்கே வாங்கி வந்தேன். இரண்டை வராண்டாவில் மாட்டியாயிற்று. மீதி இரண்டை லாட்ஜ்காரர் கேட்டால் சும்மாவே கொடுக்கிறேன். மாட்டித் தரக் கூலி மட்டும் வாங்குவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
கொசப்பேட்டை, வேலூர்.