அண்ணனுக்கு, சுளகு பற்றி

அண்ணே,

நேற்று அம்மாவுக்கு வருசப் பூசை முடிந்தது. யார் யார் வந்தார்கள் என்று வீடியோவில் பார்த்திருப்பாய், விடு.

சுளகை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இது. போனில் பேசினால் சண்டை வரும். இங்கே நாலு பேர் படிப்பார்கள் என்றால் என் வாய் கொஞ்சம் அடங்கும்.

முட்டத்தில் கரண்ட் போன அந்த ராத்திரி. அம்மா திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜாஸ் டிரம்ஸைத் தேய்த்து வாசிக்கிற பிரஷ் வாங்க உன்னிடம் காசில்லை. வாரியலிலிருந்து ஈர்க்கில் உருவி இரண்டு கட்டாகக் கட்டினாய். அவள் கையிலிருந்த சுளகைப் பிடுங்கிக் கவிழ்த்து, இடது கையால் வட்டமாகத் தேய்த்தாய், வலது கையால் தட்டினாய். வெறுங்கால் மட்டும் நாலு தட்டுத் தாளத்தில் இரண்டிலும் நான்கிலும் தரையில் விழுந்தது. கோயில் பாடகர் குழுவில் எல்லாரும் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டிப் பழகியவர்கள். உன்னோடு அவர்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். "நான் புடைக்கிற சத்தம்தானலே இது?" என்றாள்.

அப்போதுதான் திரிலோக் குர்த்து கதையைச் சொன்னாய். பம்பாயிலிருந்து ஐரோப்பா போய் ஜாஸ் வாசித்தவர், 1988இல் வந்த தன் ஆல்பத்தில் அம்மா ஷோபா குர்த்துவைப் பாடவைத்தார் என்று. "நானும் உன் சுளகைப் போடுவேன்" என்றாய். எத்தனை ஆல்பத்தில் வாசித்துவிட்டாய்?

கப்பல் பாண்டு, நியூயார்க்கில் பகலில் டாக்சி, ராத்திரி கிளப். நீ பட்ட பாடு தெரியும். ஆனால் பேட்டியில் முட்டத்து அலைகள்தான் தாளம் சொல்லிக்கொடுத்தன என்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் டிரம்ஸ் செட் எந்த நகையில் வந்தது என்று சொல்லவில்லை. சரி, நானும் இங்கே எழுதவில்லை.

அடக்கத்தன்று நீ பதினொரு தடவை கூப்பிட்டாய். சிக்னல் இல்லை என்றேன். இருந்தது. கிரீன் கார்டு விண்ணப்பம் கிடக்கும்போது முன் அனுமதி வாங்காமல் வெளியே வந்தால், பெரும்பாலும் அதைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்களாம், பிறகுதான் படித்தேன். அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே நீ? சொல்லியிருந்தாலும் போனை எடுத்திருப்பேனா, தெரியவில்லை. பெட்டியை மூடுமுன் அவள் முகத்தை உனக்குக் காட்டியிருக்க வேண்டும். மன்னிச்சிரு.

சுளகு இருக்கிறது. ஒரு ஓரம் பிய்ந்து பனைநார் தொங்குகிறது. என் மகள் அதில் புளி காயவைக்கிறாள். கூரியருக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கார்டு கைக்கு வந்ததும் நீயே வந்து எடுத்துக்கொள். புது வாரியல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.