கிட் வேண்டாம், வரைபடம் போதும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பேத்தி நடக்க ஆரம்பித்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். இங்கே அனைவரும் நலம். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. என் மூட்டு வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலை கையில் இருப்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாய்மரக் கப்பல் மாடல் ஒன்று செய்ய ஆசை, கிட் வாங்கலாமா, விக்டரியைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுக்குமே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கிட் வாங்கிக் கப்பல் செய்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதிலும் பொறுமை வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் கப்பலின் உடல் எப்படி வளைய வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்து, வெட்டி, எண் போட்டுப் பெட்டியில் அனுப்பிவிடுகிறார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பெரும்பகுதி, அந்த வளைவைத் தாளிலிருந்து மரத்துக்குக் கொண்டுவந்ததில்தான் இருந்தது. பாலிடெக்னிக்கில் உன் டிராயிங் ஷீட்டைப் பார்க்க மற்ற வகுப்புப் பையன்கள் வந்து நிற்பார்களே! அந்தக் கைக்கு வெட்டி வைத்த துண்டுகளை ஒட்டுகிற வேலை போதாது.

விக்டரி விஷயம் வேறு. 1765-ல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், மூன்று அடுக்கில் 104 பீரங்கிகள். அதன் கயிறுகளை நீட்டினால் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் வரும் என்பார்கள். 48-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நூல் வேண்டும். ஒரே மாதிரி பீரங்கி வண்டிகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும். முதல் கப்பலுக்கு அது சரிவராது. சின்னதாக ஒன்றை எடுத்து, அதில் எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்து பார்ப்பதுதான் நல்லது.

நான் இப்போது கட்டுவது சுல்தானா. இரண்டு பாய்மரம் கொண்ட ஸ்கூனர் வகைக் கப்பல், 1767-ல் பாஸ்டனில் கட்டியது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் கடற்படை அதை வாங்கி, அமெரிக்கக் கரையில் கடத்தலைத் தடுக்கும் காவலுக்கு அனுப்பியது. விலைக்கு வாங்கும் கப்பலை அளந்து வரைந்து வைத்துக்கொள்வது அப்போது கடற்படையின் வழக்கம். அதனால் சுல்தானாவின் உடல் வடிவம் தாளில் தங்கிவிட்டது. மேல்தளத்தின் நீளம் 15 மீட்டர் சொச்சம்தான், கடற்படையில் இருந்தவற்றில் மிகச் சிறிய கப்பல்களில் ஒன்று. 1:48 அளவில் உடல் 32 சென்டிமீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர் வருகிறது. சாதாரண மேஜையில் வைத்துக் கட்டலாம். 2001-ல் அமெரிக்காவில் மேரிலாண்டில் இதை முழு அளவில் திரும்பக் கட்டிக் கடலில் விட்டிருக்கிறார்கள். அதன் படங்களைப் பார்த்தால் தாளில் தெரியாத பல விஷயங்கள் விளங்கும்.

கப்பல் வரைபடத்தை உனக்கு விளக்கவே வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். மூன்று தோற்றங்கள் இருக்கும். பக்கத் தோற்றம் ஒன்று. மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில் பாதி மட்டும் வரைந்திருப்பார்கள், மறுபாதியும் அதேதானே. மூன்றாவது குறுக்குவெட்டுத் தோற்றம், அதுதான் கண்ணுக்குப் புதிதாக இருக்கும். நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் கப்பலின் முன்பாதி வெட்டுகளும் இடப்பக்கம் பின்பாதி வெட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மூன்றிலும் ஒரே புள்ளி ஒரே அளவில் வருகிறதா என்று சரிபார்த்துக்கொள். பழைய தாள் சுருங்கியிருக்கும், நகலெடுத்ததில் கோணியிருக்கும். அதனால் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். கப்பல் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம்.

மரத்தில் ஒரே விதிதான்: ரேகை நெருக்கமாகவும் துளை தெரியாமலும் இருக்க வேண்டும். உண்மையான கப்பலுக்கு ஓக் உகந்த மரம். மாடலில் அதன் துளைகள் கண்ணுக்கு உறுத்தும் அளவு பெரிதாகிவிடும். பேரி, செர்ரி, பாக்ஸ்வுட் போன்றவை நன்றாக வெட்டுப்படும். பால்சாவைத் தொடாதே, விளிம்பு நிற்காது.

அடியில் முதுகெலும்பு மாதிரி ஏரா மரம், அதன்மேல் விலா எலும்பு மாதிரி வரிசையாக வங்குகள். ஒரு வங்கை முழு வளைவாக ஒரே பலகையில் வெட்டினால் எங்கோ ஓரிடத்தில் ரேகை குறுக்கே போகும், அங்கே பட்டென்று ஒடியும். அதனால்தான் பெரிய கப்பல்களிலும் ஒரு வங்கைப் பல துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் ரேகை வளைவோடு போகும்படி வெட்டி, இணைப்புகள் மாறிமாறி விழ இரட்டையாகச் சேர்த்தார்கள். நானும் அப்படியேதான் செய்கிறேன். நீ முதலில் இவ்வளவு தூரம் போக வேண்டாம். நடுவில் ஒரு முதுகுப் பலகை, அதில் பள்ளம் வெட்டிச் சொருகிய பிளைவுட் குறுக்குத் தட்டிகள், முகப்பில் இரண்டு பக்கமும் நிரப்புக் கட்டை. அதுவே உறுதியாக நிற்கும், உடலின் வளைவும் அப்படியே கிடைக்கும்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். தட்டிகளை நிறுத்தியதும் பலகை அடிக்க அவசரப்படாதே. மெல்லிய, கணு இல்லாத ஒரு ரீப்பரை எடுத்து முகப்பிலிருந்து பின்கோடி வரை தட்டிகளின் மேல் படுக்க வை. அது தானாக எப்படி வளைய விரும்புகிறதோ அதுதான் கப்பலின் கோடு. ஒரு தட்டியில் தூக்கி நிற்கிறதா, அங்கே தேய். ஒரு தட்டியைத் தொடாமல் தாண்டிப் போகிறதா, அங்கே மெல்லிய சீவல் ஒட்டு. முகப்புப் பக்கம் தட்டிகளின் விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பலகை விளிம்பின் ஓரத்தில் மட்டும் உட்காரும். வளையக்கூடிய நீளப் பட்டையில் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று நான்கு தட்டிகளைத் தொடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தேய்த்தால் மேடு பள்ளம்தான் மிஞ்சும். ரீப்பரை எந்த உயரத்தில் வைத்தாலும், நேராகவும் சாய்வாகவும், இடைவெளி இல்லாமல் படியும் வரை விடாதே. ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். கண்ணைத் தாழ்த்தி முகப்பிலிருந்து பார், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார். கண் விட்டுவிட்டதை விரல் கண்டுபிடிக்கும். இந்தக் கட்டத்தைச் சரியாக முடித்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமைக் கணக்குதான். இதில் குறை வைத்தால் பிறகு எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் தெரியும்.

பலகை அடிப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நடுக்கப்பலில் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை சுற்றளவு 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள், முகப்பில் அது 60 ஆகக் குறையும். நடுவில் 6 மில்லிமீட்டர் அகலப் பலகை 15 போனால், முகப்பிலும் அதே 15 போக வேண்டும், ஆகவே அங்கே ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டராக மெலிய வேண்டும். ஒவ்வொரு தட்டியிலும் சுற்றளவை ஒரு காகித நாடாவால் அளந்து, சமபங்காகப் பிரித்துப் பென்சிலால் குறித்துக்கொள். பாதி அகலத்துக்கும் கீழே மெலிய வேண்டி வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கி முடித்துவிடுவார்கள். பின்பக்கம் கீழே நேர்மாறாக இடம் விரியும், அங்கே கூடுதல் துண்டைச் செருக வேண்டும். உண்மையான தச்சர்கள் இதையேதான் செய்தார்கள். அகலம் குறைக்காத பட்டைகளை வலுக்கட்டாயமாக வளைத்து ஒட்டினால் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும்.

மரத்தை வளைக்கச் சூடு வேண்டும். தண்ணீரில் நனைத்துச் சூடான இரும்பில் அழுத்தினால் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் இளகும், ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். தட்டையான பக்கம்தான் இப்படி எளிதாக வளையும். பக்கவாட்டு வளைவு வேண்டும் என்றால் அகலமான பலகையில் அந்த வடிவத்தை வரைந்து வெட்டி எடுப்பதே மேல். பசைக்கு வெள்ளை பிவிஏ போதும். தப்பாக ஒட்டினாலும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவிப் பிரித்துவிடலாம். உடனே பிடிக்கும் பசையை வெளியே தெரியும் இடத்தில் பயன்படுத்தாதே, அது ஊறின இடத்தில் வார்னிஷ் ஏறாமல் கறையாக நிற்கும்.

மேல்தளம் எளிது. உண்மையில் பலகை இடுக்குகளில் சணல் இழையை அடித்து உருக்கிய தார் ஊற்றியிருப்பார்கள். நாம் பலகையின் ஒரு விளிம்பில் மென்மையான பென்சிலை இழுத்தால் அந்தக் கறுப்புக் கோடு வந்துவிடும்.

பாய்மரங்களுக்கு லேத் தேவையில்லை. நேரான ரேகையுள்ள சதுரச் சட்டத்தை எடுத்துக்கொள். ஒவ்வொரு முகத்தின் அகலத்தையும் 7:10:7 என்ற விகிதத்தில் பிரித்து இரண்டு கோடு இழு. அந்தக் கோடு வரை மூலைகளைச் சீவினால் எண்கோணம். மறுபடி மூலைகளைச் சீவினால் பதினாறு பக்கம், அப்புறம் உப்புத்தாளால் உருட்டு. பெரிய கப்பல் பாய்மரம் செய்தவர்களின் முறையே இதுதான். உனக்கு கணக்கு உடனே பிடிபடும், 10-ஐ 7-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டின் வர்க்கமூலம்.

கயிறு வேலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். எனக்கோ அதுதான் கப்பல் எப்படி இயங்கியது என்று புரியவைத்த பகுதி. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துகிற கயிறுகள் ஓர் இனம். அவை அசைவதில்லை, தார் பூசியவை, ஆகவே கருமை. பாயையும் குறுக்குக்கட்டையையும் ஏற்றி இறக்கித் திருப்புகிற கயிறுகள் இன்னொரு இனம். அவை கப்பிகளுக்குள் ஓட வேண்டும், அதனால் வெளிர் நிறம். ஒவ்வொரு கயிறும் எதை இழுக்கிறது, எங்கே போய்க் கட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் குழப்பம் இருக்காது. ஒன்றை மட்டும் நினைவில் வை: பழைய பட்டியல்களில் கயிற்றின் அளவு என்று போட்டிருப்பது சுற்றளவு. மூன்று அங்குலக் கயிறு என்றால் விட்டம் 24 மில்லிமீட்டர், நம் அளவில் அரை மில்லிமீட்டர் நூல். அதை விட்டம் என்று எடுத்துக்கொண்டால் கப்பல் முழுக்க மூன்று மடங்கு தடித்த கயிறாகிவிடும். பக்கவாட்டுக் கயிறுகளில் ஏணிப்படி மாதிரி கட்டுகிற குறுக்குக் கயிறுகள் உண்மையில் ஒரு முழங்காலளவுகூட இருக்காது, 33 முதல் 38 சென்டிமீட்டர் இடைவெளி. நமக்கு 7, 8 மில்லிமீட்டர். மனிதன் ஏறுகிற படி அது என்பது மனதில் இருந்தால் இடைவெளி தவறாது.

பாய்களை நான் விரிக்கப் போவதில்லை. எவ்வளவு மெல்லிய துணியும் இந்த அளவில் தடிமனாகத்தான் தெரியும், அதோடு இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டிய கயிறுகளை மறைத்துவிடும்.

அளவு விஷயத்தில் நான் இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு வாசாவும் ஒரு காரணம். ஸ்வீடன் மன்னருக்காகக் கட்டிய போர்க்கப்பல் அது. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் கவிழ்ந்து மூழ்கியது, 1961-ல் வெளியே எடுத்தார்கள். மேல்பாரம் அதிகம் என்பதுதான் மூழ்கிய காரணம். ஆனால் கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்களும் கிடைத்தன. சிலவற்றில் அடிக்கு 12 அங்குலம், சிலவற்றில் 11. உடலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. நீயும் ஒரே ஸ்கேலை எடுத்து வைத்துக்கொள், வேலை முடியும்வரை அதை மாற்றாதே.

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படைக்காகச் செய்த மாடல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல், வங்குகள் வெளியே தெரிய விட்டிருப்பார்கள். என் சுல்தானாவின் இடப்பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வலப்பக்கம் முழுக்கப் பலகை. அந்தப் பக்கத்தின் அடிப்பகுதிக்கு நிறம் அடிப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. சுல்தானாவின் காலத்தில் கப்பலின் அடியில் செப்புத்தகடு அடிப்பது இன்னும் பரவலாகவில்லை, கப்பல் புழு அரிக்காமலிருக்க எண்ணெய், பிசின், கந்தகம் கலந்து பூசினார்கள். அடிப்பகுதி பழுப்பு கலந்த வெள்ளையாக இருந்திருக்கும். வரலாற்றுக்கு அது சரி. ஆனால் செர்ரிப் பலகைகளின் ஓட்டம் பெயின்டுக்குள் மறைந்துபோகுமே என்று தயக்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு இரண்டு புகைப்படமும் வரைபடத்தின் நகல் ஒன்றும் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. அப்படியே குறுக்குவெட்டுகளைத் தனித்தனி ஷீட்டில் வரைந்து அனுப்பு, பக்கத் தோற்றத்தோடு வைத்து நானும் சரிபார்க்கிறேன். மரம் அறுப்பதை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்