வாளியால் அள்ளுகிற கிணறு

அன்பின் மச்சான்,

நான்கு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை, திட்டாதே. வீட்டில் எல்லோரும் சுகம். மகனுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தரம் 10 செயற்றிட்டங்கள் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். கொமியூனிகேஷன் கடையில் அச்சடித்து, பிரிஸ்டல் போட்டில் அம்மா ஒட்டிக் கொடுக்க, பிள்ளை பெயரை மட்டும் எழுதும். இம்முறை தலைப்பே தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கிழமை ஒன்றுமில்லை. பிறகு ஒருத்தி எழுந்தாள். "சேர், எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட, ஆனால் நல்ல தண்ணீர். மாமி வீடு உள்ளே, அங்கே உவர்க்கிறது. ஏன்?" நாம் பட்டம் வைத்த அந்த வாழைக்காய் சேராக இருந்தால் அவளை வெளியே நிறுத்தியிருப்பார்!

கல்லடியில் 11 கிணறுகளில் போத்தல் நிரப்பி வந்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்று. உப்பு கூடக் கூடத் தண்ணீர் வெளுக்கும். அவள் வீட்டுத் தண்ணீர் இலேசாக மங்கியது. மாமி வீட்டுத் தண்ணீர் தேங்காய்ப்பால் போல வெளுத்தது. கடலிலிருந்து தூரம் அளந்தார்கள், பொருந்தவில்லை. ஆழமும் பொருந்தவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையன், "எந்தெந்த வீட்டில் மோட்டார் இருக்கிறது?" என்று கேட்டான். அவளுடைய அம்மம்மா இன்னும் வாளியால்தான் அள்ளுகிறார். மாமி வீட்டில் தென்னைக்குக் காலையும் மாலையும் மோட்டார் ஓடுகிறது.

அதன் பிறகுதான் நான் வாய் திறந்தேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள இந்த மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். மேலே இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். சொல்லும்போதே 2004 சுனாமி நினைவுக்கு வந்தது. கடல் வந்து போனபின் கிணறுகளை நீயும் நானும் நாள் முழுக்க இறைத்தோமே, மச்சான். நல்லது செய்கிறோம் என்றுதானே நினைத்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்காட்சிக்கு வந்த மதிப்பீட்டாளர், "எந்தப் புத்தகத்தில் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். "கிணற்றில் எடுத்தோம் சேர்" என்றாள் பிள்ளை. முதற்பரிசு ரெஜிஃபோம் எரிமலைக்குப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்முனையிலும் இதே மணல்தானே? உன் பிள்ளைகளை வீட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல். கேள்வியை நீ சொல்லிவிடாதே. வெள்ளி நைத்திரேற்று இல்லையென்றால் எழுது, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், கறுப்புக் கடதாசி சுற்றியே அனுப்புவேன். பிரிக்காமல் வை.

அன்புடன்,
உன் மச்சான்