அஞ்சரை மடிப்பு

பெரம்பூர், சென்னை-11
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள குட்டச்சிக்கு,

பாப்பா போட்டோ பார்த்தேன். மூக்கு அப்படியே உங்க அப்பா. பொண்ணாச்சே, வளர வளர மாறும்னு நம்புவோம்.

போட்டோவுக்குக் கீழே ஒரு வரி போட்டுட்டு உடனே அழிச்சியே, அழிக்கறதுக்குள்ள படிச்சிட்டேன். “உன் இடுப்பு எப்படிடி பழையபடி ஆச்சு? எனக்குக் கண்ணாடி முன்னாடி நிக்கவே பிடிக்கல.” இதை எதுக்கு அழிச்சே? ஹாஸ்டல்ல ஒரே பக்கெட் தண்ணியில ரெண்டு பேரும் தலைக்குக் குளிச்சிருக்கோம். என்கிட்ட என்ன வெட்கம்?

வாய்ஸ் அனுப்பலாம்னுதான் நினைச்சேன். நீ அதை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டி, பால் கொடுத்துக்கிட்டே பாதி கேட்டுட்டு “சரிடி” ன்னு ஒரு கட்டைவிரல் போடுவே. அதான் பேனாவை எடுத்தேன்.

முதல் விஷயம், பழையபடியெல்லாம் ஆகல. நீ பார்த்த அந்தக் கல்யாண வீட்டு போட்டோவுல நான் பக்கவாட்டுல நிக்கறேன், மூச்சை வேற இழுத்துப் பிடிச்சிருக்கேன். ஆனா குறைஞ்சிருக்கு, அது நிஜம். என் கணக்கு உனக்குப் புரியும்: கொசுவக் கணக்கு. என் கல்யாணத்தப்போ அந்த அரக்குக் காஞ்சிபுரத்துல ஏழு மடிப்பு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நீதானே கீழே உட்கார்ந்து நீவி விட்டே. சின்னவ பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சு நாத்தனார் வளைகாப்புக்கு அதே புடவையைக் கட்டினா அஞ்சரை. ஆறாவது மடிப்பு பாதியில நிக்குது, துணி இல்ல. புடவை சுருங்கல, அதே அஞ்சரை மீட்டர்தான். சுத்தற இடம் பெருசாயிடுச்சு. உள்பாவாடை நாடா பதிஞ்ச இடத்துல கறுப்பா ஒரு பள்ளம், ராத்திரியெல்லாம் அரிப்பு. அன்னிக்கு ராத்திரி தையல் டேப்பை எடுத்து அளந்தேன். 37 அங்குலம்.

அப்புறம் செஞ்ச முட்டாள்தனத்தைக் கேளு. போன்ல “முப்பது நாளில் தட்டை வயிறு” ன்னு ஒரு வீடியோ. மல்லாந்து படுத்து, கையைப் பின்னந்தலையில வச்சு எழுந்து எழுந்து உட்காரணும். முதல் நாள் இருபது, மூணாவது வாரத்துல நூறு. எனக்கு ஒரே பெருமை. இடுப்புக்குப் பின்னாடி ஒரு வலி பிடிச்சுது, அதையும் பயிற்சி வேலை செய்யுதுன்னே நினைச்சுக்கிட்டேன். தும்மினா ரெண்டு சொட்டு ஒண்ணுக்கு வந்துடுது, அதை யார்கிட்டயும் சொல்லல. ஒரு நாள் பாயில எழுந்து உட்காரப் போறேன், சின்னவ பக்கத்துல வந்து என் வயித்தையே பார்த்தா. நைட்டி மேலே ஒட்டியிருந்துச்சு. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழேயிருந்து தொப்புள் வரைக்கும் நடுவுல மட்டும் ஒரு முகடு எழும்பி நிக்குது, நீட்டுப் பூசணிக்காய் கவுத்து வச்ச மாதிரி. அதைக் கையால தடவிட்டுச் சொல்றா, “அம்மா, உள்ள பாப்பா இருக்கா? முதுகு தெரியுது.”

எனக்கு ரத்தமே உறைஞ்சு போச்சுடி. மாசக் கணக்கை வேற ஒரு தடவை சரி பார்த்தேன்!

அதுக்கப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாகிட்ட போனேன். நம்மளை விட சின்னவங்கதான், ஆனா வாயைத் திறந்தா டீச்சர். படுக்கச் சொன்னாங்க, முழங்காலை மடக்கச் சொன்னாங்க, தலையை மட்டும் லேசா தூக்கச் சொல்லிட்டு தொப்புளுக்கு மேலே விரலைக் குறுக்கா வச்சு அழுத்தினாங்க. மூணு விரல் உள்ளே போச்சு. வலிக்கல, ஆனா என்னமோ மாதிரி இருந்துச்சு. நம்ம உடம்புல நமக்கே தெரியாத ஒரு சந்து!

விஷயம் இதுதான். வயித்துக்கு நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ரெண்டு பட்டைச் சதை ஓடுது. ரெண்டையும் பிடிச்சு வைக்கறது நடுவுல இருக்கற ஒரு ஜவ்வு. உள்ளே பிள்ளை வளர வளர அது இழுபட்டு அகலமாகிடும். கடைசி மாசத்துல கிட்டத்தட்ட எல்லாருக்குமே அப்படித்தானாம். பெத்து முடிச்ச முதல் ரெண்டு மாசத்துல பெரும்பாலும் அதுவா சுருங்கும், சிலருக்குப் பாதியிலயே நின்னுடும். டயஸ்டாஸிஸ் ரெக்டைன்னு பேரு. இடைவெளி ரெண்டு விரலுக்கு மேல இருந்தா கவனிக்கணும். நான் அந்தச் சந்தை வச்சுக்கிட்டு நூறு தடவை எழுந்து உட்கார்ந்திருக்கேன். கிழிஞ்ச பையில அரிசியைத் திணிச்ச மாதிரி, உள்ளே இருக்கற அழுத்தமெல்லாம் நடுவுல வந்து முட்டுது, மிச்சம் கீழே இறங்குது. தும்மலுக்கு அர்த்தம் அதுதான்.

ரெண்டு பிரசவத்துலயும் எடை பார்த்தாங்க, ரத்தம் பார்த்தாங்க, தையல் பார்த்தாங்க. வயித்துல ஒரு விரல் வச்சு யாரும் பார்க்கல. கேட்கணும்னு எனக்கும் தெரியல.

அந்தம்மா சொன்ன இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. எல்லாச் சதைக்கும் அடியில, முதுகுப் பக்கத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் சுத்தி வந்து வயித்தை இறுக்கிப் பிடிக்கற ஒரு சதை இருக்காம். “பொறக்கும்போதே போட்டு அனுப்பின ஒட்டியாணம்” னாங்க. உட்கார்ந்து எழறதுல அது சரியா வேலை செய்யறதில்ல. மூச்சு விடறதுலதான் செய்யும். மூச்சு விடறதுக்கா இவ்வளவு பணம் கொடுத்தேன்னு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கடுப்பு.

ஆனா அதேதான் வேலை செஞ்சுது. விடியக்காலம் அஞ்சேகால், தெருவுல மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிக்கற சத்தம்தான் எனக்கு அலாரம். ஹால்ல ஃபேனுக்கு அடியில பாயைப் போட்டுக்குவேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கை விலாவுல, ஒரு கை அடிவயித்துல. மூக்கால இழுக்கும்போது விலா பக்கவாட்டுல விரியணும். வாயால மெதுவா விடும்போது, முதல்ல ஒண்ணுக்கை அடக்கற மாதிரி கீழே லேசா ஒரு இழுப்பு, அப்புறம் பாவாடை நாடாவை ரெண்டு பக்கமும் இழுத்து முடியற மாதிரி அடிவயித்தை உள்ளே. லேசாத்தான். மூச்சைப் பிடிக்கக் கூடாது. பத்துத் தடவை. அந்தக் கீழ் இழுப்புக்கு கீகல்னு பேரு. 1948-ல அதை எழுதி வச்ச அமெரிக்க டாக்டர் பேராம். ஆம்பளை! நம்ம கஷ்டத்துக்கு அவர் பேரு. (நிஜமா ஒண்ணுக்குப் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதே, அது கெடுதல்.)

முதல் ஆறு வாரம் இதோட, படுத்தபடியே ஒரு குதிகாலைத் தரையில தேய்ச்சுக்கிட்டே நீட்டி மடக்கறது. காலுறை போட்டுக்கிட்டா டைல்ஸ்ல வழுக்கும். கேட்க விளையாட்டா இருக்கும். இடுப்பு அசையாம, முதுகு வில்லா வளையாம எட்டுத் தடவை செஞ்சு பாரு, அடிவயிறு நடுங்கும். அப்புறம் இடுப்பைத் தூக்கிப் பாலம் மாதிரி நிறுத்தறது. அதுக்கப்புறம்தான் முழங்கையும் முழங்காலும் ஊன்றிப் பக்கவாட்டுல நிக்கறது, சுவத்தைத் தள்ளறது எல்லாம். தோப்புக்கரணம் உண்டு. ஸ்கூல்ல கணக்கு டீச்சர் கிட்ட போட்டதெல்லாம் வட்டியோட இப்ப பிரயோஜனமாகுது, ஆனா இறங்கும்போது மூச்சை இழு, எழும்போது விடு. எதைச் செஞ்சாலும் ஒரே பரீட்சைதான்: நடுவுல அந்த முகடு எழுந்தா அது இன்னிக்கு உனக்கில்ல, ஒரு படி கீழே இறங்கு.

மூணு மாசம் வரைக்கும் டேப்புல ஒண்ணும் தெரியல. முதுகு வலி மட்டும் போச்சு. தும்மல் பயமும் போச்சு. அதுக்காகவே விடாம செஞ்சேன். இப்ப பதினாலு மாசம் ஆச்சு, இடுப்பு 33. சந்து ஒண்ணரை விரல்.

அதுல ஒரு பங்கு சாப்பாடு, மறைக்க மாட்டேன். வயித்துக்குன்னு தனியா பயிற்சி செஞ்சா வயித்துக் கொழுப்பு மட்டும் தனியா கரையாதுடி, உடம்பு அப்படி ஒரு இடமா பார்த்து எடுக்கறதில்ல. பயிற்சி தொளதொளப்பைச் சேர்த்துப் பிடிக்கும், கொழுப்பு வேற கணக்கு. நான் என்ன விட்டேன் தெரியுமா? பிள்ளைங்க தட்டுல மிச்சம் வச்சதைத் திங்கறதை. அரை தோசை, நாலு வாய் நெய் சாதம், கடிச்ச பிஸ்கெட். “வீணாப் போகுதே” ன்னு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு நின்னுக்கிட்டே உள்ளே போயிட்டிருந்துச்சு. இப்ப அது மாடிக் காக்காவுக்கு. ராத்திரி சாதத்தைக் குறைச்சு சுண்டல், முட்டை, கூட்டு. சாயங்காலம் அவரோட முரசொலி மாறன் பூங்காவுல அரை மணி நடை, வாரத்துக்கு அஞ்சு நாள். வாரம் 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு அப்படியே வந்துடுது. மே மாசம் மட்டும் சாயங்காலம் ஏழரைக்கு மேலதான் போனோம், அப்பவும் ஊரே இட்லிப் பானைக்குள்ள உட்கார்ந்த மாதிரி.

ஆனா நீ சாப்பாட்டுல கை வைக்காதே! தாய்ப்பால் கொடுக்கற. முதல் ஆறு மாசம் ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலா வேணும்னு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லுது. உங்க அம்மா பூண்டுக் குழம்பையும் சுறாப் புட்டையும் ஒழுங்கா சாப்பிடு. நெய் மிதக்கற லேகியத்தை மட்டும் கோலிகுண்டு அளவோட நிறுத்திக்கோ, எலுமிச்சை அளவு வேண்டாம்.

உனக்கு இது ஆபரேஷன் வேற. தோலுக்கு மேலே ஆறினது தெரியும், உள்ளே அடுக்கு அடுக்கா தையல் இருக்கு. அஞ்சு மாசம் ஆச்சுன்னாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மூச்சுப் பயிற்சியிலேர்ந்து ஆரம்பி, என் பதினாலாவது மாசத்துலேர்ந்து ஆரம்பிக்காதே. படுக்கையிலேர்ந்து நேரா எழாதே, ஒருக்களிச்சு, கையை ஊன்றி எழு. உன் பெரியவனை இடுப்புல தூக்கி வச்சுக்கறதைக் கொஞ்ச நாளைக்கு விடு, குதிரை மாதிரி இருக்கான். தையல் இழுத்து வலிச்சாலோ, தொப்புள்கிட்ட புடைச்சது உள்ளே போகாம நின்னாலோ, எல்லாத்தையும் நிறுத்திட்டு டாக்டரைப் பாரு. குடலிறக்கமா இருக்கலாம்.

உங்க அம்மா பழைய வேட்டியைக் கிழிச்சு வயித்தைக் கட்டிவிடறாங்கன்னு எழுதியிருந்தே. கட்டட்டும். தாங்கலா இருக்கும், நிமிர்ந்து உட்கார வரும். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினா மட்டும் அழுத்தம் கீழே போகும், கொஞ்சம் தளர்த்தச் சொல்லு. கட்டறதால கொழுப்பு கரையும்னு யார் சொன்னாலும் நம்பாதே. நானும் ஒரு பெல்ட்டு வாங்கி 1,800 ரூபாய் தண்டம் அழுதவ. அது இப்ப எங்க பெரியவனோட சூப்பர் ஹீரோ பெல்ட்டு.

“அந்தக் காலத்துல அம்மி அரைச்சாங்க, ஆட்டுக்கல் ஆட்டினாங்க, வயிறே இல்ல” ன்னு உங்க ஊர் அத்தைங்க ஆரம்பிப்பாங்க. எங்க பாட்டி எட்டுப் பெத்தவ, சாகற வரைக்கும் அம்மியில அரைச்சவ. குளிப்பாட்டி விட்டிருக்கேன்டி, எனக்குத் தெரியும். வயிறு மடிஞ்சு தொடை மேல கிடந்துச்சு. பின்கொசுவம் வச்சுக் கட்டினதுல வெளியே தெரியல, அவ்வளவுதான். பாட்டிக்குத் தும்மினா என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டாங்களா?

நம்ம ஊருப் பொம்பளைங்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்கு உள்ள இருக்கணும்னு கணக்கு, அதாவது முப்பத்தொண்ணரை அங்குலம். அதுக்கு மேல போனா சர்க்கரை, பி.பி. வர்ற வாய்ப்பு கூடுதாம். எங்க அம்மாவுக்கு சர்க்கரை இருக்கறதால எனக்கு அந்த நம்பர் மேலதான் கண்ணு. இன்னும் ஒண்ணரை அங்குலம் பாக்கி. அளக்கும்போது தொப்புளைப் பார்க்காதே. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்பை வச்சு, மூச்சை விட்டுட்டு அள. இழுத்துப் பிடிச்சு அளந்து எனக்கு அனுப்பினா கண்டுபிடிச்சிடுவேன்.

நிஜமான கஷ்டம் பயிற்சி இல்ல, அந்த இருபத்தஞ்சு நிமிஷம். முதல் மாசம் நான் பாயை விரிச்ச சத்தத்துக்கே ரெண்டும் எழுந்து வந்து வயித்து மேல குதிரை ஏறிச்சு. இவர் “நீ அப்படியே நல்லாத்தானே இருக்கே” ன்னாரு. அன்பாத்தான் சொன்னாரு, ஆனா அப்படிச் சொன்னா அவர் எழுந்துக்க வேண்டாம் பாரு! ஒரு நாள் உட்கார வச்சுப் பேசினேன். இப்ப பால் காய்ச்சறதும் டிபன் பாக்ஸும் ஆறு மணி வரைக்கும் அவர் பொறுப்பு. தினமும் எலுமிச்சை சாதம். பிள்ளைங்க ஸ்கூல்ல அதுக்குக் கெட்ட பேரே வந்தாச்சு. நீயும் யார்கிட்ட அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தை வாங்கறதுன்னு முதல்ல யோசி. அம்மா வீட்டுல இருக்கற வரைக்கும் சுலபம், இங்க வந்த பிறகுதான் இருக்கு.

சரி, இன்னிக்கே பாப்பா தூங்கினதும் படுத்து விரலை வச்சுப் பாரு. எத்தனை விரல்னு மட்டும் அனுப்பு. இந்தத் தடவை அழிக்காதே.

சின்னவ எழுந்துட்டா, பேனா வேணுமாம்.

உன்
கொக்கு

பி.கு.: காலேஜ் கடைசி வருஷம் என் பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுப் போனியே, அது இன்னும் உன்கிட்டதான் இருக்கா? உள்தையலைப் பிரிச்சுக் கிரிச்சு வச்சுடாதே.